கேட்டால் கையைத் தூக்குங்கள்

மார்ச் 4

இன்று ஒன்பது பேர். பதினெட்டுக் காது. கடைசியாக வந்த பெரியவர், நான் சத்தமே கொடுக்காதபோது மூன்று முறை கையைத் தூக்கினார். ஏன் என்று கேட்டேன். "ரொம்ப நேரமா காத்துக்கிட்டு இருக்கீங்களேன்னு பாவமா இருந்துச்சும்மா" என்றார். இருபத்திரண்டு வருடமாக ஆஸ்பத்திரியின் காது பரிசோதனைப் பிரிவில், சத்தம் புகாத அந்தச் சின்ன அறைக்கு வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "எவ்வளவு சின்னச் சத்தம் கேட்டாலும் கையைத் தூக்குங்க." என் மேல் பாவப்பட்டுத் தூக்கியவர் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்தால் கதவிடுக்கில் குடியிருப்போர் சங்கத்தின் கடிதம். போன மாதம் எங்கள் நாய் துரை மாடிப்படியருகே கீழ்வீட்டு சர்வேயரைத் தள்ளிவிட்டதில் அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மே மாதக் கூட்டம் வரை அவகாசமாம். அதற்குள் நாய் சொன்னபடி நடக்கிறது என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். அனுப்ப இடமும் தயாராக இருக்கிறது, அதுதான் கொடுமை. என் வீட்டுக்காரருடைய நண்பர் ஒருவரின் குடோனுக்குக் காவல் நாய் தேவையாம். போய்ப் பார்த்தேன். தகரக் கூரை, ஆறடிச் சங்கிலி.

துரைக்கு இரண்டரை வயது. உடம்பு முழுக்க வெள்ளை. முகத்தின் வலது பாதியும் வலது காதும் மட்டும் கறுப்பு, ஒரு பக்கமாக மையில் முக்கி எடுத்தது போல. பெயர் வைத்தது நான்தான். வந்த முதல் வாரமே, கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் நடந்துபோனான். "துரை, கூப்பிட்டா வர மாட்டாரோ?" என்றேன். அதுவே பெயராகிவிட்டது.

மார்ச் 5

சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தவனை நான்கு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காதுகூட அசையவில்லை. திமிர்.

மார்ச் 9

பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். முன்பு ஊராருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளாம். "ரெண்டும் ஒரே வேலைதான் அக்கா. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு பதறாம இருக்கணும்." அவள் தெருமுனை தாண்டுவதற்குள் இவர் பெயர் வைத்துவிட்டார்: டிரைவிங் ஸ்கூல்.

நான் ஏற்கெனவே ஒரு முள் காலர் வாங்கி மாட்டியிருந்தேன். உள்பக்கம் மொண்ணைக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அது. பெட்டியில் படம் போட்டிருந்தது, படத்தைப் பார்த்து மாட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத யாரு மாட்டினது?"

"நான்தான்."

"கல்யாணப் பொண்ணுக்கு ஆரம் போட்ட மாதிரி தொங்குது."

கழற்றி என் முன்கையில் சுற்றினாள். முதலில் நான் மாட்டியது போலத் தொளதொளவென்று விட்டு, இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள். வலித்தது. கம்பிகள் ஒரு பக்கமாகச் சரிந்து தோலைக் கிள்ளின. பிறகு சரியான அளவுக்குப் பூட்டி, கயிற்றை ஒரு சுண்டு சுண்டி விட்டாள். வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது, வலி என்று எதுவுமில்லை. "இழுத்துக்கிட்டே இருந்தா அது தண்டனை. சொல்லிட்டு உடனே விட்டா அது சேதி. ஆனா சேதி சொல்றதுக்கு முன்னால இவனுக்கு பாஷை சொல்லிக் கொடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. "வா" என்றால் வருவான் என்று நினைத்தேன். ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை.

மூன்று வாரத்துக்கு எந்தக் காலரும் வேண்டாம் என்றாள். வாய்வார்த்தை, நீளக் கயிறு, கோழித் துண்டு. இவ்வளவுதான். முள் காலரை என் கண் முன்னாலேயே தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். திருப்பித் தரச் சொல்லிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் 17

உட்கார், நில், இறங்கு, வா. நான்கு சொல். வீட்டுக்குள் எல்லாவற்றையும் செய்கிறான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்கிறான். அப்படியொரு கவனம். என் நோயாளிகள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இவர் சும்மாவே துண்டு துண்டாகக் கோழியை ஊட்டிக்கொண்டிருந்தபோது டிரைவிங் ஸ்கூல் பார்த்துவிட்டாள். "அண்ணே, வேலையே வாங்காம சம்பளம் குடுக்குற முதலாளி ஊருக்குள்ள நீங்க ஒருத்தர்தான்." இவருக்கு வெட்கம் வந்து, லிப்ட் ரிப்பேருக்கு அவசர அழைப்பு என்று கிளம்பிப் போய்விட்டார். அழைப்பு எதுவும் வரவில்லை.

மார்ச் 30

இன்று பார்த்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

காலை ஏழு மணி, மைதானம். ஒரு பக்கம் ரோடு, மூன்று பக்கம் மரம். டிரைவிங் ஸ்கூல், ரிமோட்டை அமுக்கினால் லேசாக மின்சாரம் தட்டுகிற எலக்ட்ரானிக் காலரை எடுத்தாள். உள்ளே இரண்டு உலோகக் குமிழ்கள். துரையின் கழுத்து முடியை விலக்கி, குமிழ்கள் தோலில் படும்படி வைத்து, பட்டைக்கடியில் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். நாள் முழுக்க மாட்டி வைக்கக்கூடாது, வீட்டுக்கு வந்ததும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும், மறுநாள் கொஞ்சம் இடம் மாற்றி மாட்ட வேண்டும். பேசிக்கொண்டே என் கையில் இன்னொன்றைக் கட்டினாள். ரிமோட்டில் பூஜ்யத்திலிருந்து நூறு வரை. ஒன்று, மூன்று, ஐந்து, எட்டு: ஒன்றுமே இல்லை. பதிமூன்றில் தோலுக்கடியில் ஏதோ துடித்தது. கண்ணிமை தானாகத் துடிக்குமே, அந்த மாதிரி.

பிறகு துரைக்கு. அவன் புல்லை முகர்ந்துகொண்டிருந்தான். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. முகர்ந்துகொண்டே இருந்தான். ஏழு. கறுப்புக் காது கால் அங்குலம் பின்னால் போய்த் திரும்பி வந்தது. மூக்கு புல்லிலேயேதான் இருந்தது. முகர்வது மட்டும் நின்றிருந்தது. ஆறுக்கு இறங்கினாள்: ஒன்றுமில்லை. மறுபடி ஏழு: காது.

"இதுதான் இவன் நம்பர்" என்றாள்.

இது என் வேலை! கீழிருந்து ஏறு, கேட்டதும் இறங்கு, மறுபடி ஏறு, எந்த இடத்தில் ஆள் கேட்கத் தொடங்குகிறார் என்று கண்டுபிடி. கையைத் தூக்குவதற்கு அரை நொடி முன்னால் முகத்தில் ஒன்று வரும். யாரோ தூரத்திலிருந்து தன் பெயரைச் சொன்னது போல. இருபத்திரண்டு வருடமாக அந்த அரை நொடியைக் கண்ணாடி வழியே பார்த்துவருகிறேன். இன்று ஒரு நாயின் முகத்தில் பார்த்தேன். நான் பதிமூன்றில் உணர்வதை அவன் ஏழில் உணர்கிறான். இரண்டரை வருடமாக இவனை முரடன் என்று திட்டியிருக்கிறேன்.

"இது ஹாரன் இல்ல அக்கா, இண்டிகேட்டர். போட்டா தெரியணும், யாரும் திடுக்கிடக்கூடாது." ஏழில் தட்டிக்கொண்டே கயிற்றால் லேசாகத் தன் பக்கம் திருப்பினாள். அவன் திரும்பிய நொடி கட்டைவிரலை எடுத்தாள், கோழித் துண்டு கொடுத்தாள். "விடறதுதான் பாடம், அமுக்கறது இல்ல." இருபதாவது முறை கயிறு தேவைப்படவில்லை. தட்டு வந்ததும் அவளைக் கண்ணால் தேடித் திரும்பி ஓடிவந்தான்.

கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னாள். மே வரை கயிறு இல்லாமல் விடக்கூடாது. கோபம் வந்தால் ரிமோட் தரையில் இருக்க வேண்டும். "கோவமா இருக்கறவங்ககிட்ட நான் கார் சாவியே குடுக்க மாட்டேன்."

ஏப்ரல் 2

"நாய்க்கு கரண்ட் வைக்கிற வீட்டுல நான் சாப்பிட மாட்டேன்" என்றார் இவர். சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "எங்க, அத என் கையில வை" என்றார்.

பாதி ஆயுளை லிப்ட் மோட்டார்களோடு கழித்தவர். இருபது வரை சும்மா சிரித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறில், "ம்."

"இவன் எத்தனைக்குத் திரும்புறான்?"

"ஏழு."

துரையை ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தன வருஷம் ஒரே வீட்டுல இருக்கோம்" என்றார்.

ஏப்ரல் 13

கயிறு தரையில் இழுபட, நாற்பது அடி தூரத்திலிருந்து பதினெட்டுத் தடவை கூப்பிட்டதில் பதினேழு தடவை வந்தான். என்னை நேராகப் பார்த்தபடி வந்தான். வராத அந்த ஒரு தடவை நான் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

ஏப்ரல் 20

டிரைவிங் ஸ்கூல் வரவில்லை. இவர் செல்போனில் படம் பிடிக்கிறேன், சங்கத்துக்குக் காட்டலாம் என்றார். கயிறோடு காட்டினால் கயிற்றால்தான் வருகிறான் என்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கயிற்றைக் கழற்றினேன்.

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு முகர்ந்துகொண்டிருந்தான். நான் அவனுக்கு இடது பக்கம், மரத்தடியில். "துரை, வா!" தலை சட்டென்று நிமிர்ந்தது. கேட்டிருக்கிறது! அதன் பிறகு எனக்கு நேர் எதிர்ப்பக்கம் ஓடினான். ரோட்டுப் பக்கம். மறுபடி கூப்பிட்டேன். ஏழில் தட்டினேன். இன்னும் வேகமாக ஓடினான். ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். கோபம். இத்தனை நாள் சொல்லிக் கொடுத்ததற்கு எதிர்ப்பக்கம் ஓடுகிறாயா என்று கோபம். ரிமோட்டின் சக்கரத்தைத் திருகி அமுக்கினேன்.

அவன் கத்திய சத்தத்தை எழுத முடியவில்லை.

மோட்டார் சைக்கிள் வளைத்துக்கொண்டு போய்விட்டது. துரை ரோட்டைத் தாண்டி, நின்றிருந்த லாரிக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டான். ஒரு மணி நேரம் வரவில்லை. நான் தரையில் வயிறு பதியப் படுத்து உள்ளே பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் வாலைத் தரையில் இரண்டு முறை தட்டினான்.

ரிமோட்டைப் பிறகுதான் பார்த்தேன். அறுபத்திரண்டு.

ஏப்ரல் 21

நான்தான் செஞ்சேன். கை தவறல. பட்டன் மாறல. தெரிஞ்சேதான் திருகினேன். கீழ வைக்கச் சொன்னாளே, வச்சேனா? வைக்கல. எதுக்கு வாலாட்டுன? கடிச்சிருக்கலாமே என்னை.

ஏப்ரல் 22

டிரைவிங் ஸ்கூலிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் கத்தவில்லை. கையை நீட்டினாள், ரிமோட்டைக் கொடுத்தேன். துரையின் கழுத்தை வெளிச்சத்தில் பிடித்து முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். "தோலுக்கு ஒண்ணும் ஆகல. தோலுக்கு மட்டும்."

இவர் செல்போனை நீட்டினார். படம் அழியாமல் இருந்திருக்கிறது. எனக்குப் பார்க்க மனம் வரவில்லை, சமையலறையில் போய் நின்றேன். உள்ளே என் குரல் "துரை, வா!" என்று திரும்பத் திரும்பக் கேட்டது. ஏழெட்டு முறை. அவள் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறாள். பிறகு, "அக்கா, இங்க வாங்க."

நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். நான் கூப்பிடுகிறேன். தலை நிமிர்கிறது. முதலில் வலது பக்கம் பார்க்கிறான், நான் இல்லை. இன்னும் வலது பக்கம் திரும்புகிறான், இல்லை. ஓடுகிறான். தட்டு வந்ததும் கழுத்தை நீட்டி அங்குமிங்கும் பார்த்துக்கொண்டே இன்னும் வேகமாக ஓடுகிறான்.

"இவன் தப்பிச்சு ஓடல. உங்களத் தேடுறான். தட்டுனா தேடணும்னுதானே சொல்லிக் குடுத்தோம்? இன்னும் ஒண்ணு. எந்தப் பக்கத்துலேர்ந்து கூப்பிட்டாலும் வலது பக்கமாவே திரும்புறான். காரா இருந்தா அலைன்மென்ட் போயிடுச்சும்பேன். நாய்க்கு என்னன்னு எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருவராவது வந்து அந்த நாற்காலியில் உட்கார்கிறார்கள். ஒரு காது மட்டும் கேட்கிறவர்கள். எல்லாச் சத்தமும் அவர்களுக்கு நல்ல காதுப் பக்கமிருந்தே வரும். தெருவில் யாராவது கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். கூப்பிட்டவர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். "தலக்கனம்னு சொல்றாங்கம்மா" என்று என்னிடம் அழுதிருக்கிறார்கள். நான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். துரை வந்து மடியில் தலை வைத்தான். வெள்ளைக் காது மேலே.

ஏப்ரல் 23

லீவு போட்டேன். கறுப்புக் காதைத் தரையில் வைத்து அவன் தூங்கியபோது பின்னாலிருந்து கூப்பிட்டேன். அசைவில்லை. சாவிக்கொத்தை ஆட்டினேன். இல்லை. கோழிப் பொட்டலத்தைப் பிரித்தேன், அதற்கும் இல்லை. அரை மணி நேரம் காத்திருந்தேன். புரண்டு படுத்தான், கறுப்புக் காது மேலே வந்தது. மூச்சுக்குள் "துரை" என்றேன். துள்ளி எழுந்தான். என்னைத் தேடி எதிர்ச் சுவரைப் பார்த்தான்.

சர்வேயர் அன்று மாடிப்படியில் இவனுக்கு எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். இடது பக்கம். முதுகில் தட்டிக் கொடுத்தார். பாவம், பாசமாகத்தான். ஆள் வந்ததே தெரியாமல் கை மட்டும் வந்து விழுந்தால் யார்தான் துள்ள மாட்டார்கள்?

ஏப்ரல் 29

விலங்கு மருத்துவமனை. பச்சிளங் குழந்தைகளுக்கு நான் செய்கிற அதே சோதனை. பேசத் தெரியாதவர்களைக் கையைத் தூக்கச் சொல்ல முடியாதல்லவா, அதனால் சத்தத்தைக் காதில் கொடுத்துவிட்டு மூளை கை தூக்குகிறதா என்று திரையில் பார்ப்போம். மயக்க மருந்து கொடுத்து, தலைத்தோலில் மயிரிழை போன்ற ஊசிகளைச் செருகினார்கள். டாக்டர் என் வேலையைக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்களே படிச்சிடுவீங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

வலது காது: அலைகள். ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக, சின்னக் குழந்தையின் எழுத்து போலக் கோணல்மாணலாக எழும்பின. எத்தனை ஆயிரம் பார்த்திருப்பேன். இன்று முதல் தடவை போல வாய் பிளந்து பார்த்தேன். நான் ஒவ்வொரு நாளும் "துரை" என்றது இவ்வளவு தூரம், இப்படி ஒரு மேடு பள்ளத்தில் ஏறி இறங்கித்தான் அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இடது காது: நேர்கோடு. சத்தத்தைக் கூட்டினார். நேர்கோடு. பிறவியிலேயே இல்லை. முகம் வெள்ளையாக இருக்கிற சில நாய்களுக்கு உள்காதிலும் நிறமிருக்காது, அதோடு கேட்கும் சக்தியும் போய்விடும் என்றார். நான் இதைப் படித்திருக்கிறேன். புத்தகத்தில் படம்கூட உண்டு.

மே 1

கேட்கவில்லை என்றால் காது. கேட்க மாட்டான் என்றால் மனசு. ஒரே வினைச்சொல். குழந்தைகளைக் கூட்டிவருகிற அம்மாக்கள் எல்லாரும் "சொன்னா கேக்கவே மாட்டான்" என்பார்கள். நான் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான்: "கேக்க மாட்டானா, கேக்கலையா?" ஊருக்கெல்லாம் கேட்டேன். வீட்டில் கேட்கவில்லை.

மே 4

நான்கு நாளைக்கு முன்பு ரிமோட் திரும்பி வந்தது. என்னிடமில்லை, டிரைவிங் ஸ்கூல் கையில். இதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாமே என்றேன்.

"உங்களுக்குப் பயம் வந்துடுச்சு, நல்லதுதான். ஆனா பயந்து தூக்கிப் போட்டா நஷ்டம் இவனுக்குத்தான். குரல் எந்தப் பக்கம்னு இவனுக்குத் தெரியாது. தட்டு கழுத்துலயே வருது, அதுக்குப் பக்கம் கிடையாது. தட்டுனா நின்னு சுத்திப் பாக்கணும்னு சொல்லிக் குடுப்போம். பாத்தா நீங்க தெரியணும். எப்படித் தெரிவீங்க?"

யோசிக்கவே இல்லை. என் கை தானாக மேலே போனது.

அன்றிலிருந்து நான்கு நாள் வெறும் காலரை மாட்டி, மாட்டும்போதெல்லாம் கோழி. முதல் நாள் காலரைக் கண்டதும் மேசைக்கடியில் போய்விட்டான். நான் மேசைக்கடியில் போய் உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் தானே கழுத்தை நீட்டினான். இன்று மறுபடி கீழிருந்து தொடங்கினோம். இரண்டு, மூன்று... ஐந்திலேயே காது அசைந்தது. இப்போது ஐந்துதான் அவன் நம்பர். ஏன் குறைந்தது என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.

தட்டு. நின்றான். வலது பக்கம் பார்த்தான், இல்லை. பின்னால், இல்லை. முழுவட்டம் சுற்றினான். கையைத் தூக்கிக்கொண்டு நான் நின்றிருந்தேன். கண்டுபிடித்துவிட்டான்! அந்த முகம்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கிற அதே அரை நொடி. அதற்குப் பிறகு நாலுகால் பாய்ச்சல். எனக்கு அழுகை வந்து கோழித் துண்டு கீழே விழுந்துவிட்டது. விழுந்ததையும் சேர்த்துத் தின்றான்.

மே 11

ரிமோட்டை என்னிடம் கொடுத்தாள். மைதானத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள கல்வரிசையைத் தாண்டக்கூடாது என்று பத்து நாளாகக் கயிற்றோடு நடத்தி நடத்திச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வந்து நிற்பான், என்னைப் பார்ப்பான், திரும்புவான். நூறு தடவை சரியாகச் செய்தான். இன்று மைதானத்தின் அந்தப் பக்கம் ஒரு பூனை.

கல்லருகே வந்தான். நின்றான். என்னைப் பார்த்தான். கையைத் தூக்கினேன், அதையும் பார்த்தான். பிறகு பூனையைப் பார்த்து ஒரு முன்னங்காலைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்தான்.

"இது தெரிஞ்சே செய்யறது" என்றாள் மெதுவாக. "இப்ப சொல்லலாம். கோவமா இருக்கீங்களா?"

எனக்குள் தேடிப் பார்த்துக்கொண்டேன். இல்லை. பன்னிரண்டு, ஒரே ஒரு நொடி. காலை எடுத்துவிட்டான். உடம்பைக் குளித்தெழுந்தவன் போல உதறிக்கொண்டு என்னிடம் ஓடிவந்து, எதுவுமே நடக்காதது போல நக்கினான். ஒரு மனத்தாங்கல் இல்லை. நியாயமாகச் சொன்னால் இவ்வளவுதானா? அறுபத்திரண்டுக்கு இவன் நடுங்கினான், பன்னிரண்டுக்கு உதறிவிட்டு வந்துவிட்டான். அளவு மட்டுமில்லை வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது.

திரும்பிப் பார்த்தால் கல்வரிசைக்கு அப்பால் சர்வேயர், பிளாஸ்டர் கையோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறார் தெரியவில்லை. போய் எல்லாவற்றையும் சொன்னேன். காது, மாடிப்படி, அறுபத்திரண்டு.

"அன்னிக்கு நான் இடது பக்கமாவா வந்தேன்?"

"ஆமா சார்."

"எத்தனை அடி தூரத்துலேர்ந்து கூப்பிட்டா இவன் சரியா வர்றான்?"

"அறுபது, எழுபது அடி."

"அளந்தீங்களா?"

"இல்ல சார். உத்தேசமா."

"உத்தேசமா" என்று ஒரு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவரிடம் போய் அந்தச் சொல்லைச் சொன்னேனே.

மே 18

கூட்டம் கீழே கார் நிறுத்துமிடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள். துரையையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். கழுத்தில் காலர், கயிறு இவர் கையில், ரிமோட் என் பையில். துரை என் காலடியில் படுத்திருந்தான். எதிர் வரிசையில் சர்வேயர். நேற்றுதான் பிளாஸ்டர் பிரித்தார்களாம். மணிக்கட்டு வெளுத்துச் சூம்பியிருந்தது. அதைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச வேண்டியதைப் பேசினேன். உளறினேன். செயலாளர், "சரி, பேசிக்கிட்டே இருந்தா முடியாது. நாய் இருக்கட்டும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க" என்றார்.

யாரும் தூக்கவில்லை. பத்து நொடி இருக்கும். என் கைகூட எழவில்லை.

எதிர் வரிசையில் ஒரு கை எழுந்தது. மெதுவாக, பாதியில் கொஞ்சம் நடுங்கி நின்று, மறுபடி எழுந்தது. அந்த மணிக்கட்டு.

துரை எழுந்து நின்றான்.

ஐயோ, கை! தூக்கிய கை என்றால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான். இவரைப் பார்த்தேன்: தானும் கை தூக்குகிறேன் என்று கயிற்றை விட்டுவிட்டு, வெறுங்கையை வானத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தார்! கயிறு தரையில் இழுபட துரை நடுவே நடந்துபோனான். தான் ஒரு முறை உடைத்துவிட்ட மனிதரை நோக்கி. யாரோ நாற்காலியைப் பின்னால் இழுத்தார்கள். செயலாளர் "பிடிங்க, பிடிங்க!" என்றார். என் கை பைக்குள் போயிருந்தது. கட்டைவிரல் பட்டனில் இருந்தது.

அமுக்கினால் நின்றிருப்பான், சுற்றிப் பார்த்திருப்பான், திரும்பி வந்திருப்பான். எல்லாரும் ஆகா என்றிருப்பார்கள். ஆனால் அவன் என்ன தப்புச் செய்தான்? கை தூக்கினால் போ என்று சொல்லிக் கொடுத்தோம், போகிறான். சரியாகச் செய்கிறவனை எதற்குத் தட்டுவது? விரலை எடுத்து ரிமோட்டைத் தரையில் வைத்தேன்.

துரை சர்வேயரின் முன்னால் போய் உட்கார்ந்தான். முன்னங்காலைத் தூக்கி அவர் மேல் போடவில்லை. அண்ணாந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கையை இறக்காமல், அவனுடைய வலது பக்கமாகக் குனிந்து, கறுப்புக் காதுக்கு அருகே, "வந்துட்டியாடா?" என்றார். பிறகு நிமிர்ந்து எங்கள் நாற்காலிக்கும் தன் நாற்காலிக்கும் நடுவே கண்ணால் ஒரு கோடு போட்டார்.

"இருபத்தி ரெண்டடி" என்றார் செயலாளரிடம். "உத்தேசமா. எழுதிக்கங்க."

பிறகு மற்ற கைகள் எழுந்தன. நான் எண்ணவில்லை. ஒவ்வொரு கையையும் பார்த்துப் பார்த்து, எங்கே போவது என்று தெரியாமல் துரை கழுத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

ஜூன் 2

சாயங்காலம் மைதானத்திலிருந்து வந்ததும் காலரைக் கழற்றிக் கழுத்தைப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. சோபாவில் ஏறி, கறுப்புக் காதை மெத்தையில் அழுத்தி வைத்துக்கொண்டு தூங்குகிறான். இப்போது அவனுக்கு எந்தச் சத்தமும் கிடையாது. சாப்பாட்டு நேரம்தான். கூப்பிடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.